எஞ்சின் ஹீட்டருக்கான எக்ஸ்டென்ஷன் வயர்: விமான மன்ற நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். குளிர்காலம் தொடங்கும் முன் ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவில் நீங்கள் ஒட்டும் அறிவிப்பு இந்த ஆண்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. உறைகுளிரில் எஞ்சினைச் சூடேற்றாமல் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது அதன் முதல் வரி. ஹீட்டருக்கான எக்ஸ்டென்ஷன் வயரை உறுப்பினர்களே கொண்டுவர வேண்டும், அது வெளிப்புறப் பயன்பாட்டுக்குரியதாக இருக்க வேண்டும் என்பது கடைசி வரி. முதல் வரியில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. அந்தக் கடைசி வரியை நீக்கிவிட்டு, வயர்களை மன்றமே தேர்ந்தெடுத்து வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

வெளிப்புறப் பயன்பாடு என்ற சொல்லுக்கு, வயரின் மேலுறை மழையையும் வெயிலையும் தாங்கும் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. உறைக்குள் இருக்கும் செம்புக் கம்பி எவ்வளவு பருமனானது, எத்தனை ஆம்பியரை இரவு முழுவதும் தாங்கும், கடுங்குளிரில் அந்த உறை வளையுமா வெடிக்குமா என்பவற்றைப் பற்றி அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் கனமான வேலைக்கு உகந்த வயர் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் இரவு, மறுநாள் காலைப் பயணத்துக்காக, 1500 வாட் வெப்பக்காற்று ஹீட்டர் ஒன்றை எஞ்சின் மூடியின் கீழ்த் திறப்பில் பொருத்திவிட்டுச் சென்றேன். சுவரிலிருந்த சாக்கெட் எட்டாத தூரத்தில் விமானம் நின்றதால், 15 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஆரஞ்சு வயர்களை ஒன்றோடொன்று இணைத்திருந்தேன். இரண்டுமே 16 கேஜ். கேஜ் என்பது கம்பியின் பருமனைக் குறிக்கும் எண். கடையில் வாங்கியபோது அந்த எண்ணை நான் பார்க்கக்கூட இல்லை. காலையில் வந்தபோது சுவர் சாக்கெட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஹீட்டரின் விசிறி நின்றிருந்தது, எஞ்சின் மூடி கையைச் சுடும் அளவுக்குக் குளிர்ந்து கிடந்தது. இரண்டு வயர்களும் சேர்ந்த இடத்தில் பனி ஒரு சிறு கிண்ணம் போல உருகி மீண்டும் உறைந்திருந்தது. இணைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு பித்தளை முள்ளின் அடியில் தேநீர் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. சாக்கெட்டின் ஒரு துளை, பிளாஸ்டிக் இளகிச் சரிந்ததால், பாதி மூடிய கண்ணைப் போல ஒடுங்கியிருந்தது. தீப்பிடிக்காததற்கு அந்தப் பனியைத் தவிர வேறு காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

தவறு என்னுடையதுதான். ஆனால், மன்றத்தின் விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துத்தான் அந்தத் தவறைச் செய்தேன் என்பதைக் குழுவினர் கவனிக்க வேண்டும்.

எஞ்சினை ஏன் சூடேற்றுகிறோம் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை என்றாலும், வயரின் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பது அதிலிருந்தே தொடங்குவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான லைக்கமிங் எஞ்சின்களுக்கு மைனஸ் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், கான்டினென்டல் எஞ்சின்களுக்கு மைனஸ் 7 டிகிரிக்குக் கீழேயும் முன்கூட்டியே சூடேற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். குளிரில் கெட்டிப்பட்ட ஆயில் பேரிங்குகளைச் சென்றடையத் தாமதமாகும் என்பது எல்லோரும் அறிந்த காரணம். அலுமினிய உடல் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான எஃகுக் கிராங்க் ஷாஃப்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு சுருங்குவதால், பேரிங்குகளில் ஆயில் தங்க வேண்டிய இடைவெளியும் குறைந்துவிடும் என்பது அவ்வளவாகப் பேசப்படாத காரணம். இதனால், அரைகுறையாகச் சூடான எஞ்சின் தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே இன்னும் ஆயத்தமாகாமல் இருக்கக்கூடும். வயர் விழுங்கும் ஒவ்வொரு வாட்டும் இந்த அரைகுறை நிலைக்கு நம்மைக் கொண்டுபோகிறது.

அந்த இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நம் களத்தின் 120 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை 9.6 ஓம். 30 மீட்டர் நீளமுள்ள 16 கேஜ் வயரில், மின்சாரம் போய்த் திரும்பும் மொத்தத் தூரமான 60 மீட்டருக்கு, செம்பின் தடை ஏறத்தாழ 0.79 ஓம். இவை இரண்டும் தொடராக இணைந்திருக்கும்போது ஹீட்டருக்குக் கிடைப்பது 1280 வாட் மட்டுமே. கூடவே, 105 வாட் வயரிலேயே வெப்பமாக வீணாகிறது. அதே நீளத்தில் 14 கேஜ் வயர் என்றால் ஹீட்டருக்கு 1356 வாட்டும், 12 கேஜ் என்றால் 1407 வாட்டும் கிடைக்கும். 12 கேஜ் வயரில் வீணாவது 46 வாட். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி பருமனாகும் என்ற தலைகீழ்க் கணக்குப் புதிய உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாது என்பதால், அறிவிப்பில் சதுர மில்லிமீட்டரையும் சேர்த்துக் குறிப்பிடுவது நல்லது: 16 கேஜ் என்பது 1.3, 14 என்பது 2.1, 12 என்பது 3.3, 10 என்பது 5.3 சதுர மில்லிமீட்டர்.

105 வாட் இழப்பு 30 மீட்டர் முழுவதும் பரவியிருக்கும்போது மீட்டருக்கு மூன்றரை வாட்தான். குளிர்காற்று அதை எளிதாக வாங்கிக்கொள்ளும். தேவைக்கு மிஞ்சிய நீளத்தை அப்படியே சுருட்டிப் போட்டாலோ, உருளையிலிருந்து பாதியை மட்டும் இழுத்துக்கொண்டு மீதியை விட்டுவைத்தாலோ, அந்த வெப்பத்தின் பெரும்பகுதி ஒரு வாளியளவு இடத்தில் அடைபட்டு, நடுவிலிருக்கும் சுற்றுகளின் உறையை இளக்கத் தொடங்கும். ஆகவே, நீளமாக ஒன்று இருந்தால் எல்லா இடத்துக்கும் பயன்படுமே என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. விமானம் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளமுள்ள ஒரே வயர், முழுவதும் விரித்த நிலையில் பயன்பட வேண்டும்.

கணக்கின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்பின் அடியில் ஒட்டப்படும் பட்டை ஹீட்டர்களும், சிலிண்டர்களோடு சேர்த்துப் பல இடங்களில் பொருத்தப்படும் ஹீட்டர்களும் சில நூறு வாட் மட்டுமே எடுத்துக்கொள்பவை. 500 வாட் ஹீட்டரை அதே 30 மீட்டர், 16 கேஜ் வயரில் இணைத்தால் எஞ்சினுக்கு 473 வாட் போய்ச் சேரும். இந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. அரை மணி நேரம் முன்னதாகவே இணைத்துவிட்டால் போயிற்று. அப்படியிருக்க, எல்லோருக்கும் 10 கேஜ் வயர்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்லும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. 30 மீட்டர் நீளத்தில் 10 கேஜ் வயரைப் பனியில் தனியாளாக இழுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். அடுத்த முறை அவர்கள் காரில் கிடக்கும் மெல்லிய வயரையே எடுத்துவருவார்கள். பட்டை ஹீட்டர் மட்டும் உள்ள விமானங்களுக்கு 14 கேஜ் போதும். வெப்பக்காற்று ஹீட்டருக்கு 12 கேஜைவிட மெல்லிய எதையும் ஏற்கக் கூடாது. 30 மீட்டரைத் தாண்டினால்தான் 10 கேஜுக்குப் போக வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் உள்ள களங்களில் ஆம்பியர் பாதியாகக் குறைந்து, அதே வயரில் இழப்பு விழுக்காடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், அங்கு இவ்வளவு பருமன் தேவைப்படாது.

என் பிளக் உருகியதற்கு வயரின் பருமன் மட்டும் காரணம் அல்ல என்பதையும் பிறகு புரிந்துகொண்டேன். தளர்ந்துபோன ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 12 ஆம்பியர் பாயும்போது 14 வாட்டுக்கு மேல் அந்த ஒரே புள்ளியில் வெப்பமாகிறது. செம்புக் கம்பியில் பரவும் 105 வாட்டைவிட, ஒரு முள்ளின் அடியில் குவியும் இந்த 14 வாட்தான் ஆபத்தானது. வெப்பத்தால் பித்தளை கருக்கும், கருத்த பரப்பின் தடை கூடும், தடை கூடினால் வெப்பமும் கூடும். இது இரவு முழுவதும் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு போகும் நோய். இதை சர்க்யூட் பிரேக்கர் கண்டுகொள்ளாது, ஏனெனில் பாயும் ஆம்பியர் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஹீட்டரை இணைத்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு பிளக்கையும் வெறுங்கையால் தொட்டுப் பார்ப்பதே இதற்கு எளிய சோதனை. லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் அந்த வயரைக் குப்பையில் போட்டுவிட வேண்டும், வேறு வேலைக்கு ஆகும் என்று எடுத்து வைக்கக் கூடாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரின் கடைசி முனையில் வோல்ட்டை அளக்க வேண்டும். ஹீட்டரை நிறுத்திவிட்டு அளந்தால் கெட்டுப்போன வயரும் 120 காட்டும்.

மேலுறையைப் பற்றியும் சில சொற்கள். குளிர் செம்புக்கு நண்பன். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கினால் அதன் தடை ஏறத்தாழ 16 விழுக்காடு குறையும். ஆனால், சாதாரண பிவிசி உறைக்கு அதே குளிர் பகைவன். கடுங்குளிரில் அது கம்பிபோல் விறைத்து, வளைக்கும்போது மயிரிழை அளவில் வெடித்து, பனி உருகும் நாளில் அந்த வெடிப்பு வழியே தண்ணீரை உள்ளே விடும். வட அமெரிக்க வயர்களின் உறையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தால் இதைத் தவிர்க்கலாம். எஸ்ஜே என்று தொடங்குவது 300 வோல்ட் தரம். ஜே இல்லாமல் எஸ் மட்டும் இருந்தால் 600 வோல்ட், இன்னும் தடித்த உறை. டி என்றால் பிவிசி போன்ற சாதாரண பிளாஸ்டிக், ஈ என்றால் ரப்பரைப் போல வளையும் பிளாஸ்டிக், இரண்டும் இல்லையென்றால் ரப்பர். ஓ என்பது உறை ஆயிலைத் தாங்கும் என்பதையும், இரண்டு ஓ இருந்தால் உள்ளிருக்கும் கம்பிகளின் காப்பும் ஆயிலைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். கடைசியில் வரும் டபிள்யூதான் வெளிப்புறப் பயன்பாடு. அதாவது, நம் அறிவிப்பு இத்தனை எழுத்துகளில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது. ஆயிலும் பெட்ரோலும் சொட்டும் தரையில் கிடக்கப்போகும் வயருக்கு எஸ்ஜேஈஓஓடபிள்யூ அல்லது எஸ்ஜேஓஓடபிள்யூ என்ற எழுத்துகளே பொருத்தமானவை.

எர்த் முள் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. விமானம் ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. ஹீட்டர் பட்டையின் காப்பு எங்காவது கிழிந்து மின்சாரம் எஞ்சின் உடலுக்குத் தாவினால், புரொப்பல்லர் முதல் வால் வரை முழு உலோக உடலும் மின்னேறி நிற்கும். ஈரமான பனியில் நின்றுகொண்டு எஞ்சின் மூடியைத் திறக்கக் கை வைப்பவரின் உடல்தான் அப்போது எர்த் ஆகும். மூன்றாவது முள்ளை ஒடித்த பிளக்குகளையும், மூன்று முள்ளை இரண்டாக்கும் அடாப்டர்களையும் நம் ஹேங்கரிலேயே பார்த்திருக்கிறேன். அவற்றை உடனே அகற்ற வேண்டும். எர்த் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ சாக்கெட்டுகள் 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டித்துவிடுபவை என்பதால், அவை நடு இரவில் துண்டித்து எஞ்சினைக் குளிரவிட்டுவிடுகின்றன என்ற புகார் எழுவது இயல்பே. அந்தத் தொல்லைக்கு மருந்து வெடிப்பில்லாத உறையும், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய இணைப்பும்தான். ஜிஎஃப்சிஐயைக் கழற்றுவது அல்ல.

அடுத்ததாக, உறுப்பினர் ஒருவரால் தனியாகத் தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்று இருக்கிறது. திறந்தவெளியில் நிற்கும் நான்கு விமானங்களுக்கும் ஒரே 20 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து மின்சாரம் போகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் சுமை பிரேக்கர் அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான விதி. இங்கே அது 16 ஆம்பியர். நான்கு பேரும் ஆளுக்கு 500 வாட் ஹீட்டர் இணைத்தாலே 16.7 ஆம்பியர் ஆகிவிடுகிறது. அவர்களில் ஒருவர் வெப்பக்காற்று ஹீட்டரைக் கொண்டுவந்தால் பிரேக்கர் எப்போது விழும் என்பதுதான் கேள்வி. விழுந்தால் நான்கு எஞ்சின்களும் ஒன்றாகக் குளிரும், அதைக் காலைவரை யாரும் அறியமாட்டார்கள். யார் எத்தனை வாட் இணைத்திருக்கிறார் என்று எழுதிவைக்க அந்தச் சாக்கெட் பெட்டியின் அருகே ஒரு பலகையாவது மாட்டலாம். சுமையை இரண்டு பிரேக்கர்களாகப் பிரிப்பது அதைவிட நல்லது. அது தகுதிபெற்ற மின்பணியாளரின் வேலை.

வயரின் கடைசி முனையில் விளக்கு எரியும் வகைகள் கிடைக்கின்றன. என் கதையில் சுவர் சாக்கெட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததை நினைவில் கொண்டால், விளக்கு எந்த முனையில் இருக்க வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. டைமர் பயன்படுத்துகிறவர்கள் அதன் ஆம்பியர் அளவையும் பார்க்க வேண்டும். 10 ஆம்பியர் டைமரை நடுவில் வைத்தால் 12 கேஜ் வயர் வாங்கியதில் பொருளில்லை.

இணைக்கும் வரிசையும் அறிவிப்பில் இடம்பெற வேண்டும். முதலில் விமானத்தின் பக்கம் இணைத்து, கடைசியாகச் சுவரில் இணைக்க வேண்டும். எடுக்கும்போது சுவரில்தான் முதலில் எடுக்க வேண்டும். பிளக்கைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் எழும் பொறி, எரிபொருள் ஆவி தங்கக்கூடிய எஞ்சின் மூடிக்கு அருகில் எழாமல் சுவரோரமாக எழுவதற்காகவே இந்த வரிசை. வயரை விமானத்திலிருந்து கழற்ற மறந்து டாக்ஸி செய்ய, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்ல, தொடங்கியவர்களின் கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். புரொப்பல்லர் சுழலும் வட்டத்துக்குள் வயர் கிடந்தால் அது சிரிக்கும் விஷயம் அல்ல. விமானத்தின் பக்கத்துப் பிளக்கில் ஒரு நீளமான சிவப்பு நாடாவைக் கட்டி, விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி அதைத் தொங்கவிட்டால் போதும். வயரை மறக்காமலிருக்கப் புரொப்பல்லரின் மேல் போட்டுவைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. எடுக்கும்போது புரொப்பல்லரைப் பிடித்துத் திருப்பிவிடுகிற கை எப்போதும் இருக்கும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

ஆகவே, நிர்வாகக் குழுவினரிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் சாக்கெட்டிலிருந்து எஞ்சின் மூடி வரை உள்ள தூரத்தை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரே துண்டாக, கடைசி முனையில் விளக்கு உள்ள, எழுத்துகள் சரியாக அச்சிடப்பட்ட வயரை மன்றமே வாங்கி அந்த இடத்திலேயே மாட்டிவைக்க வேண்டும். வெப்பக்காற்று ஹீட்டர் பயன்படும் இடங்களுக்கு 12 கேஜும், மற்றவற்றுக்கு 14 கேஜும் போதும். நிறுத்துமிட எண்ணை வயரின் இரு முனைகளிலும் எழுதிவைத்தால் அது இடம் மாறிப் போகாது. குளிர்காலத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் ஒருமுறை, யாராவது ஒருவர் எல்லா வயர்களையும் கையால் தடவி, வெடிப்பையும் கருத்த முள்ளையும் தேட வேண்டும். அந்தப் பொறுப்பை இந்த ஆண்டு நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு வயர்களை இணைப்பதற்குத் தடை விதிக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். இது சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். என் உருகிய பிளக்கையும் சாக்கெட்டையும் நான் தூக்கி எறியவில்லை. குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவருகிறேன். மேசையின் மேல் வைத்து எல்லோரும் ஒருமுறை பார்த்த பிறகு, அறிவிப்பின் கடைசி வரியைத் திருத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
மன்றத்தின் உறுப்பினர் ஒருவர்